பதிவு பண்ணாத நிக்காஹ்ல பிறந்த பிள்ளைக்கு சட்டத்துல என்ன பாதுகாப்பு: அடிக்கடி கேக்குற கேள்விகள்

பாளையங்கோட்டையில இலவச சட்ட உதவி மையத்துக்கு பாரா லீகல் வாலண்டியரா போயிட்டு வாரேன். மேலப்பாளையம், பேட்டை, பத்தமடை, ஏர்வாடி, அந்தப் பக்கம் கடையநல்லூர் வரைக்கும் இருந்து நம்ம பொம்பளையாளுக கைப்பிள்ளையோட வந்து கேக்குறதுல திரும்பத் திரும்ப வார விஷயம் இது. நிக்காஹ் நடந்துருக்கும், கவர்மெண்ட் பதிவு இருக்காது, இப்ப மாப்பிள்ளை விட்டுட்டுப் போயிருப்பாரு இல்லன்னா மௌத்தாயிருப்பாரு (இறந்துருப்பாரு), அவரு வீட்டு ஆளுக "அது எங்க பிள்ளையே இல்ல"ன்னு சொல்லிருவாங்க. எல்லாத்துக்கும் அடிப்படையா ஒண்ணு சொல்லிடுதேன். பிள்ளையோட உரிமை அந்த பதிவு காகிதத்துல இருந்து வரல, நிக்காஹ்ல இருந்தும் வாப்பாங்கிற உறவுல இருந்தும் வருது. காகிதம் இல்லாததால உரிமை போயிராது, ஆனா அத நிரூபிக்கிற வேலை ரொம்பக் கூடிரும். அதனால சாட்சி சொல்ல ஆளுக உசுரோட இருக்கும்போதே வேலைய ஆரம்பிக்கணும்.

நிக்காஹ்வ ரிஜிஸ்டர் பண்ணல. அதனால பிள்ளை "சட்டப்படி பிறந்த பிள்ளை" இல்லன்னு மாமியா வீட்டுல சொல்லுதாங்க லாத்தா (அக்கா), நெசமா?

நெசம் இல்ல. நம்ம சட்டத்துல நிக்காஹ்ங்கிறது ஒரு ஒப்பந்தம். கேட்டு, சம்மதிச்சு, ரெண்டு சாட்சி முன்னால நடந்து, மஹர் (மாப்பிள்ளை பொண்ணுக்குக் குடுக்குற மணக்கொடை) பேசி முடிச்சா நிக்காஹ் கூடிருச்சு. இந்தியாவுல 1937 ஷரீஅத் சட்டப்படி நம்ம கல்யாணம், வாரிசுரிமை எல்லாம் முஸ்லிம் தனிநபர் சட்டத்துலதான் வருது, அதுல பதிவுங்கிறது நிபந்தனையே கிடையாது.

தமிழ்நாட்டுல 2009-ல ஒரு சட்டம் வந்துச்சு, தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம். எந்த மதமா இருந்தாலும் கல்யாணத்த பதிவு பண்ணியாகணும்னு சொல்லுது. பண்ணாம இருந்தா அது தப்புதான், ஆனா பதிவு பண்ணலங்கிற ஒரே காரணத்துக்காக கல்யாணம் செல்லாமப் போகாது. அதுக்கு முன்னாலயே 2006-ல சுப்ரீம் கோர்ட் சீமா வழக்குல எல்லா மாநிலமும் பதிவ கட்டாயமாக்குங்கன்னு சொன்னப்போ, பதிவு மட்டுமே கல்யாணத்துக்கு முழு ஆதாரம் ஆயிராது, ஆனா பிள்ளைகளோட உரிமைன்னு வரும்போது அதுக்கு சாட்சி மதிப்பு ரொம்ப ஜாஸ்தின்னு தெளிவா சொல்லிட்டாங்க. இந்த ரெண்டையும் சேத்தே மனசுல வச்சுக்கிடுங்க.

பள்ளிவாசல் தஃப்தர்ல (கல்யாணப் பதிவு நோட்டுல) கையெழுத்து போட்டாச்சே, அது பதிவு இல்லையா?

அது ஜமாஅத் பதிவு. சார்பதிவாளர் ஆபீஸ்ல பண்றது கவர்மெண்ட் பதிவு. ரெண்டும் வேற வேற, நம்ம ஆளுக அதிகமா குழம்புறது இங்கதான். தஃப்தர்ல மாப்பிள்ளை, பொண்ணோட வலி (பொண்ணு சார்பா நிக்குற பொறுப்பாளி), சாட்சிக, நிக்காஹ் ஓதி வச்ச ஆலிம்சா எல்லாரோட கையெழுத்தும் மஹர் தொகையும் இருக்கும், கோர்ட்டுல அது அருமையான ஆதாரம். அத லேசா நினைக்காதீங்க. ஜமாஅத்துல எழுதிக் குடுத்து கையெழுத்து, சீலோட ஒரு நகல் வாங்கி வச்சிருங்க, நாளைக்கு நிர்வாகம் மாறும், பழைய நோட்டு கரையான் அரிச்சிரும், "நீங்க சொல்ற வருசத்து புக்கு காணல"ன்னு சொல்லுற பதிலை நானே காதால கேட்டுருக்கேன்.

கவர்மெண்ட் பதிவுக்கு கல்யாணம் ஆன 90 நாளைக்குள்ள மனு குடுக்கணும். விட்டுட்டா அதுக்கு மேல 60 நாள், கூடுதல் கட்டணத்தோட. மொத்தம் 150 நாள். தஃப்தர் நகல், பத்திரிகை, வயசு ஆதாரம், விலாச ஆதாரம், போட்டோ, சாட்சிக இதுகதான் முக்கியமா கேக்காங்க. கல்யாண வீட்டு பிரியாணி சட்டி கழுவி வச்ச கையோட இந்த வேலையையும் முடிச்சிருங்கன்னு ஒவ்வொரு முத்தவல்லியும் (பள்ளிவாசல் நிர்வாகியும்) மேடையிலயே சொன்னா எத்தனையோ பிள்ளைக தப்பிக்கும்.

தஃப்தர்லயும் இல்ல. ஊருக்குத் தெரியாம ஒரு வீட்டுல வச்சு நிக்காஹ் முடிச்சாரு. சாட்சிகூட சரியா இல்ல. இப்ப பிள்ளைக்கு என்ன கதி?

இதுதான் கஷ்டமான கேள்வி, கொஞ்சம் நிதானமா படிங்க.

முஸ்லிம் சட்டத்துல கல்யாணத்த மூணா பிரிக்காங்க. முறையானது ஸஹீஹ். குறை உள்ளது ஃபாஸித். அடியோட செல்லாதது பாத்தில். சாட்சி இல்லாம நடந்த நிக்காஹ், இத்தா (தலாக் ஆனாலோ புருசன் இறந்தாலோ பொண்ணு காத்திருக்குற காலம்) முடியுறதுக்கு முன்னால நடந்த நிக்காஹ் இதெல்லாம் ஃபாஸித்துனுதான் நம்ம கோர்ட்டுக எடுத்துக்கிடுது, பாத்தில் இல்ல. இதனால என்னன்னா, புருசன் பொண்டாட்டிக்குள்ள சில உரிமை குறையலாம், ஆனா பிறந்த பிள்ளை முறையான பிள்ளைதான், வாப்பா சொத்துல முழுப் பங்கும் உண்டு. பெத்தவுக செஞ்ச குறைக்கு பிள்ளைய தண்டிக்கக் கூடாதுங்கிறது நம்ம ஃபிக்ஹுக்குள்ளயே (மார்க்கச் சட்டத்துக்குள்ளயே) இருக்கு, யாரும் புதுசா கொண்டு வந்து சேக்கல.

பாத்தில்ங்கிறது ரத்த உறவு, பால்குடி உறவுன்னு கட்டவே கூடாத உறவுக்குள்ள நடந்தது, இன்னொருத்தரோட மனைவியா இருக்கும்போதே நடந்தது, இந்த மாதிரி. அந்த நிலைமை தனி.

சரி, நிக்காஹ் நடந்துச்சுன்னு எப்படி நிரூபிக்க? ஒரு ஆணும் பொண்ணும் ரொம்ப காலம் புருசன் பொண்டாட்டியா ஒரே வீட்டுல வாழ்ந்து ஊரும் அப்படியே ஏத்துக்கிட்டிருந்தா, அவுங்க கல்யாணம் ஆனவுகதான்னு கோர்ட்டு ஊகிக்கலாம், எதிர்த்து பேசுறவன்தான் இல்லன்னு நிரூபிக்கணும். சாட்சியச் சட்டத்துலயும் உறவ பத்தி நேரடியா தெரிஞ்ச சொந்தக்காரங்க சொல்றத கோர்ட் எடுத்துக்கிடும். அதனால வாடகை வீட்டுக்காரரு, பக்கத்து வீட்டு உம்மா, பிரசவம் பாத்த நர்ஸம்மா இவுங்க எல்லாம் உங்க சாட்சி. ஆஸ்பத்திரியில கணவர் பேருன்னு எழுதி அவரு கையெழுத்து போட்ட பேப்பர், ரேஷன் கார்டு, எல்ஐசி நாமினி, பேங்க் பாஸ்புக்கு, பிள்ளைக்கு அகீகா (பிள்ளை பிறந்ததுக்குக் குடுக்குற ஆட்டுக் குர்பானி) குடுத்த போட்டோ, சவுதியில இருந்து "என் மகள் எப்படி இருக்கா"ன்னு அனுப்புன வாய்ஸ் மெசேஜ், பணம் அனுப்புன ரசீது, ஒண்ணையும் விடாதீங்க. வாட்ஸப் மெசேஜ் கோர்ட்டுல செல்லும், அதுக்கு பாரதிய சாட்சிய சட்டம் 63-வது பிரிவுப்படி ஒரு சர்டிபிகேட் வைக்கணும், வக்கீல் பாத்துக்கிடுவாரு, நீங்க செய்ய வேண்டியது அந்த போனை அழிக்காம, விக்காம, ரீசெட் பண்ணாம பத்திரமா வைக்கிறது மட்டுந்தான்.

"ஆமா, இது என் பிள்ளைதான்"னு வாப்பா ஒத்துக்கிட்டா போதுமா?

போதும்னு சொல்ற அளவுக்கு பலமான விஷயம் அது. இக்ரார்னு சொல்லுவாங்க. ஒரு ஆளு ஒரு பிள்ளைய தன்னோட முறையான பிள்ளைன்னு ஏத்துக்கிட்டா, அந்தக் கல்யாணத்துக்கு நேரடி ஆதாரம் இல்லாட்டாலும் கோர்ட்டு அத ஏத்துக்கிடும். வாயால சொல்லியிருக்கலாம், எழுத்துல இருக்கலாம், நடந்துக்கிட்ட விதத்துலயே தெரியலாம். நிபந்தனை சிலது உண்டு: வயசு வித்தியாசம் நம்புற மாதிரி இருக்கணும், அந்தப் பிள்ளை இன்னொருத்தருக்குப் பிறந்ததுன்னு தெரிஞ்சிருக்கக் கூடாது, அந்த ரெண்டு பேருக்குள்ள நிக்காஹ் நடந்துருக்க வாய்ப்பே இல்லன்னு நிரூபணம் ஆயிருக்கக் கூடாது. ஒரு தடவை ஏத்துக்கிட்டா பொறவு திரும்பி "இல்ல"ன்னு சொல்ல முடியாது.

அதனால மாப்பிள்ளை நல்ல மனசோட இருக்கும்போதே ஒரு ஸ்டாம்ப் பேப்பர்ல, "இன்ன தேதியில இன்ன இடத்துல நிக்காஹ் முடிச்சேன், இன்ன பிள்ளைக எனக்குப் பிறந்தவங்க"ன்னு எழுதி நோட்டரிகிட்ட கையெழுத்து போட்டு வாங்கி வச்சிருங்க. "அவருகிட்ட போய் இதக் கேட்டா சந்தேகப்படுறதா நினைப்பாரே"ன்னு நிறைய பேரு தயங்குதாங்க. பிள்ளைக்காகக் கேக்குறதுல ஒரு வெக்கமும் இல்ல தங்கச்சி.

பிறப்பு சர்டிபிகேட்டுக்கு கல்யாண சர்டிபிகேட் கேக்காங்க. அது இல்லாம வாங்க முடியாதா?

முடியும். பிறப்பு இறப்பு பதிவுச் சட்டம் 1969, பிள்ளை பிறந்தா 21 நாளுக்குள்ள பதிவு பண்ணணும்னுதான் சொல்லுது, உம்மா வாப்பா கல்யாணத்த நிரூபிச்சாத்தான் பதிவுன்னு அதுல இல்ல. கவுண்டர்ல யாராவது கேட்டா, எந்த விதியில இருக்குன்னு எழுத்துல குடுங்கன்னு மரியாதையா கேளுங்க.

வாப்பா பேரு சொல்ல விருப்பம் இல்ல, இல்லன்னா சொல்ல முடியாத நிலைமைன்னா? 2015-ல சுப்ரீம் கோர்ட் ஒரு தாயோட வழக்குல, தனியா பிள்ளை வளக்குற தாய் அஃபிடவிட் குடுத்தா அத வச்சே பிறப்பு சர்டிபிகேட் குடுக்கணும்னு சொல்லிட்டாங்க. ஆனா வாப்பா பேரு போட முடியுற நிலைமையா இருந்தா போட்டுருங்க, அது பின்னால சொத்து வழக்குல எவ்வளவு பெரிய ஆதாரம்னு கீழ சொல்லுதேன்.

பிள்ளை பேரு வைக்காமலே பதிவு ஆகியிருந்தா ஒரு வருசத்துக்குள்ள கட்டணம் இல்லாம சேக்கலாம், 15 வருசம் வரைக்கும் தாமதக் கட்டணத்தோட சேக்கலாம். பிறப்பையே பதியாம ஒரு வருசம் தாண்டிட்டா கோட்டாட்சியர் உத்தரவு வேணும், அலைச்சல் ஜாஸ்தி. 2023-ல சட்டத்துல கொண்டு வந்த திருத்தத்தால, அந்த வருசம் அக்டோபர் 1-ல இருந்து பிறந்த பிள்ளைகளுக்கு ஸ்கூல், லைசென்ஸ், ஓட்டு, பாஸ்போர்ட் எல்லாத்துக்கும் பிறந்த தேதிக்கு பிறப்பு சர்டிபிகேட்தான் ஆதாரம். அதனால இந்த 21 நாள் ரொம்ப முக்கியம்.

அவருக்கு ஏற்கனவே மனைவி உண்டு. நான் ரெண்டாவது. மூத்தவ பிள்ளைகளுக்குத்தான் எல்லாமும்னு சொல்லுதாங்க.

அப்படி ஒரு சட்டமே கிடையாது. நம்ம சட்டத்துல நிக்காஹ் நடந்த மனைவி எத்தனாவதா இருந்தாலும் அவ பிள்ளைகளுக்கு சம பங்கு. மூத்தவ மகனும் உங்க மகனும் ஒண்ணு, மூத்தவ மகளும் உங்க மகளும் ஒண்ணு.

மனைவி உசுரோட இருக்கும்போது அவ கூடப்பிறந்தவள கட்டுன கேஸ்கூட வந்துச்சு. 2008-ல சுப்ரீம் கோர்ட் அது குறை உள்ள கல்யாணந்தான், செல்லாத கல்யாணம் இல்லன்னு சொல்லி அந்தப் பொண்ணுக்கும் பிள்ளைக்கும் ஜீவனாம்சம் உண்டுன்னு தீர்ப்பு குடுத்துச்சு.

உம்மா இந்துவா பிறந்தவங்க, மதம் மாறாமலே வாப்பா கூட வாழ்ந்தாங்க. பிள்ளைக்கு சொத்துல பங்கு வருமா?

வரும். இதுக்கு நேரடியா ஒரு தீர்ப்பு இருக்கு, 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட் குடுத்தது, கேரளாவுல இருந்து போன வழக்கு. முஸ்லிம் ஆணும் இந்துப் பொண்ணும் பண்ணுன கல்யாணம் குறை உள்ளதுதான், ஆனா பாத்தில் இல்ல, அதனால அந்த மகன் முறையான பிள்ளை, வாப்பா சொத்துல பங்கு உண்டுன்னு சொன்னாங்க. அந்த வழக்குல பிறப்பு பதிவேட்டுல வாப்பா பேரும் உம்மா பேரும் எழுதியிருந்தது முக்கிய ஆதாரமா நின்னுச்சு. மேல பிறப்பு சர்டிபிகேட்ட பத்தி நான் அவ்வளவு அழுத்திச் சொன்னது இதுக்குத்தான்.

மாசாமாசம் பிள்ளைக்கு செலவுக்கு வாங்கணும். கல்யாணத்த நிரூபிச்சாத்தான் கிடைக்குமா?

பிள்ளைக்குன்னா அது கூட வேண்டாம். முன்ன சிஆர்பிசி (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 125-ன்னு சொன்னோம்லா, 2024 ஜூலை 1-ல இருந்து அது அதுக்குப் பதிலா வந்த பிஎன்எஸ்எஸ் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 144-வது பிரிவு. அதுல முறையான பிள்ளையோ முறையில்லாம பிறந்த பிள்ளையோ, மைனர் பிள்ளைக்கு தகப்பன் ஜீவனாம்சம் குடுக்கணும்னே எழுதியிருக்கு. வாப்பா யாருங்கிறது தெரிஞ்சா போதும்.

"தலாக் குடுத்துட்டா பிள்ளைக்கு ரெண்டு வயசு வரைக்குந்தான் குடுக்கணும்"னு ஒரு பேச்சு இன்னும் ஓடுது. தலாக் ஆன முஸ்லிம் பொண்ணுகளோட உரிமை பத்துன 1986 சட்டத்த வச்சு அப்படி சொல்லுதாங்க. 1997-லயே சுப்ரீம் கோர்ட் அத மறுத்துருச்சு. பிள்ளைக மேஜர் ஆகுற வரைக்கும், பொம்பளைப் பிள்ளைன்னா கல்யாணம் ஆகுற வரைக்கும் வாப்பா குடுத்தாகணும்னு தீர்ப்பு. தலாக் ஆன பொண்ணும் இதே பிரிவுல தனக்கு கேக்கலாம்னு 2024 ஜூலையில மறுபடி உறுதி பண்ணிட்டாங்க.

நீங்க இருக்குற ஊருலயே கேஸ் போடலாம், அவரு சென்னையில இருந்தாலும் சரி. இடைக்கால ஜீவனாம்சம் கேளுங்க, நோட்டீஸ் அவருக்குப் போய்ச் சேந்ததுல இருந்து முடிஞ்ச வரைக்கும் 60 நாளைக்குள்ள அந்த மனுவ முடிக்கணும்னு சட்டத்துலயே இருக்கு. 2020 நவம்பர்ல வந்த தீர்ப்புப்படி ரெண்டு பேரும் சொத்து, வருமானம் எல்லாத்தையும் அஃபிடவிட்ல காட்டணும், ஆர்டர் போட்டா மனு குடுத்த தேதியில இருந்து பணம் கணக்கு. குடுக்காம ஏமாத்துனா ஒவ்வொரு மாச பாக்கிக்கும் ஒரு மாசம் வரை ஜெயில். ஒண்ணு மட்டும் மறந்துராதீங்க, பாக்கி விழுந்தா ஒரு வருசத்துக்குள்ள வசூல் மனு போடணும், "குடுத்துருவாரு குடுத்துருவாரு"ன்னு காத்திருந்து பழைய பாக்கிய விட்டவங்க எத்தனையோ பேரு.

பீடி சுத்தி நாளைக்கு நாலு காசு பாக்குறாளேன்னு சொல்லி "அவளுக்கு வருமானம் இருக்கு"ன்னு எதிர்த்தரப்பு வக்கீல் பேசுவாரு. பயப்படாதீங்க, உங்க வருமானம் இருக்கதால வாப்பாவோட பொறுப்பு போயிராது.

டிஎன்ஏ டெஸ்ட் எடுக்கணும்னு அவரு கேக்காரு. ஒத்துக்கிடணுமா?

நிக்காஹ் முறியாம இருக்கும்போது பிறந்த பிள்ளை, இல்லன்னா நிக்காஹ் முறிஞ்சு 280 நாளுக்குள்ள (அதுக்குள்ள உம்மா வேற கல்யாணம் பண்ணாம இருந்தா) பிறந்த பிள்ளை, அந்தப் புருசனோட பிள்ளைதான். இது பாரதிய சாட்சிய சட்டம் 116-வது பிரிவு, பழைய சட்டத்துல 112. நிக்காஹ் ஆகி சீக்கிரமே பிள்ளை பிறந்துருச்சுன்னு பேசுறவங்களுக்கும் இதுதான் பதில், பிறந்த நேரத்துல கல்யாணம் இருந்துச்சான்னுதான் சட்டம் பாக்கும். அந்த சமயம் ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் சேரவே வாய்ப்பு இல்லன்னு அவரு நிரூபிச்சாத்தான் இது மாறும். சும்மா சந்தேகத்துக்கெல்லாம் டிஎன்ஏ ஆர்டர் போட மாட்டாங்க, 2023-லயும் சுப்ரீம் கோர்ட் பிள்ளையோட மானத்தையும் நலனையும் பாத்துத்தான் முடிவு பண்ணணும்னு சொல்லியிருக்கு.

ஆனா நிக்காஹே இல்லன்னு அவரு மறுக்குற கேஸ்ல, உங்ககிட்ட வேற ஆதாரம் குறைவா இருந்தா, அந்த டெஸ்ட் உங்களுக்குத்தான் பலம். வக்கீல்கிட்ட கேக்காம "மாட்டேன்"னோ "சரி"ன்னோ சொல்லிராதீங்க.

மாப்பிள்ளை மௌத்தாயிட்டாரு. வாரிசு சர்டிபிகேட்ல என் பிள்ளை பேர சேக்காம அவரு தம்பிமாரு வாங்கிட்டாங்க.

இந்த விஷயத்துல தாமதம் பண்ணவே கூடாது. தாசில்தார் குடுக்குற வாரிசு சர்டிபிகேட் சொத்துரிமைக்கு கடைசி முடிவு இல்ல. முதல்ல தாசில்தாருக்கு எழுத்துல ஆட்சேபணை குடுங்க, கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு போடுங்க. தகராறு பெருசா இருந்தா அவுங்க "சிவில் கோர்ட்டுக்குப் போங்க"ன்னு சொல்லுவாங்க, அங்க பிள்ளை இன்னாரோட வாரிசுன்னு விளம்புகை (கோர்ட்டே அறிவிக்குற உத்தரவு) கேட்டு, பாகப்பிரிவினையும் சேத்து வழக்கு போடலாம். அதுக்குள்ள சொத்த விக்காம இருக்க தடை உத்தரவு கேளுங்க.

பங்கு எப்படின்னா, கடன், மஹர் பாக்கி எல்லாம் கழிச்ச பொறவு, பிள்ளைக இருந்தா மனைவிக்கு எட்டுல ஒண்ணு (மனைவி ரெண்டு பேருன்னா அந்த எட்டுல ஒண்ண ரெண்டு பேரும் பிரிச்சுக்கிடணும்), மிச்சம் பிள்ளைகளுக்கு, ஆணுக்கு ரெண்டு பங்கு பொண்ணுக்கு ஒரு பங்கு. அவரோட உம்மா வாப்பா உசுரோட இருந்தா அவுங்களுக்கு ஆளுக்கு ஆறுல ஒண்ணு முதல்ல போகும். அவுங்க இல்லன்னு வச்சு, ஒரு மனைவி, ஒரு மகன், ரெண்டு மகள், 24 சென்ட் நிலம்னா மனைவிக்கு 3 சென்ட், மகனுக்கு பத்தரை, மகளுகளுக்கு அஞ்சே கால் அஞ்சே கால். மகன் இருந்தா அவரு தம்பிமாருக்கு ஒரு சென்ட் கிடையாது. உங்க மகன இல்லன்னு ஆக்குனா யாருக்கு லாபம்னு இப்ப புரிஞ்சிருக்கும்.

இன்னொண்ணு. மைனர் பிள்ளையோட சொத்த உம்மா தானா விக்க முடியாது. முஸ்லிம் சட்டத்துல சொத்துக்கு கார்டியன் வாப்பா, பொறவு வாப்புச்சா (வாப்பாவோட வாப்பா). உம்மா ஆகணும்னா 1890 கார்டியன் சட்டத்துல ஜில்லா கோர்ட்டுல உத்தரவு வாங்கணும். அதே மாதிரி பெரியாப்பா, சாச்சா (சித்தப்பா) யாரும் கோர்ட் உத்தரவு இல்லாம பிள்ளை பங்க வித்தா அது செல்லாது.

நிக்காஹே நடக்கல. ஏமாத்திட்டாரு. பிள்ளைக்கு ஒண்ணுமே இல்லையா?

ஜீவனாம்சம் உண்டு, மேல சொன்ன 144-லயே. வாப்பா சொத்துல வாரிசுரிமைதான் நம்ம சட்டத்துல வராது, உம்மாவுக்கும் உம்மா வழி சொந்தத்துக்கும் வாரிசு. ஆனா அவரு மனசு வச்சா உசுரோட இருக்கும்போது ஹிபா (தானம்) பண்ணலாம், சொத்த ஒப்படைச்சிரணும், பேச்சோட நிக்கக் கூடாது. வஸிய்யத்தும் (உயிலும்) எழுதலாம், மூணுல ஒரு பங்கு வரைக்கும், வாரிசா இல்லாதவங்களுக்கு எழுத யாரோட சம்மதமும் வேண்டாம்.

பிள்ளைய "ஹராமுல பிறந்தது"ன்னு தெருவுல சொல்லுற வாய்கள நான் பாத்துருக்கேன். அந்தப் பிள்ளை என்ன பாவம் பண்ணுச்சு? ஒருத்தர் சுமைய இன்னொருத்தர் சுமக்க மாட்டாருன்னு குர்ஆன்ல ஓதிட்டு வந்துதான் இப்படிப் பேசுதாங்க, மனசு ஆற மாட்டேங்கு.

பொண்ணுக்கு 18 ஆகும்முன்ன நிக்காஹ் பண்ணிட்டாங்க. பதிவும் பண்ண முடியல. பிள்ளை பிறந்துருச்சு.

2006 குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி அந்தக் கல்யாணத்த ரத்து பண்ணுனாலும் பிள்ளை முறையான பிள்ளைதான், 6-வது பிரிவு. பிள்ளை பராமரிப்பு, செலவு பத்தி கோர்ட்டே உத்தரவு போடும். ஒண்ண மறைக்காம சொல்லணும், ஆஸ்பத்திரிக்குப் போனா போக்சோ சட்டப்படி அவுங்க போலீசுக்குத் தகவல் சொல்லியாகணும். அதுக்குப் பயந்து வீட்டுலயே பிரசவம் பாக்காதீங்க, பிறப்ப மறைக்காதீங்க. தாயும் பிள்ளையும் உசுரோட இருந்தா கேஸ பேசிக்கிடலாம்.

முத்தலாக் சொல்லிட்டு பிள்ளையத் தூக்கிட்டுப் போயிட்டாரு.

2019 சட்டப்படி முத்தலாக் செல்லாது, குத்தமும்கூட, மூணு வருசம் வரை ஜெயில். அதே சட்டத்துல மைனர் பிள்ளைக கஸ்டடி உம்மாவுக்குன்னும், பிள்ளைகளுக்கு பிழைப்புத் தொகையும்னு இருக்கு. ஷரீஅத்துலயும் சின்னப் பிள்ளை உம்மாகிட்டதான், ஹனஃபி சட்டப் பிரிவுல பையன் 7 வயசு வரை, பொண்ணு பருவம் அடையுற வரை. கோர்ட் எப்பவும் பிள்ளை நலன்தான் முதல்ல பாக்கும்.

கல்யாணம் ஆகி ரொம்ப வருசம் ஆச்சு, 150 நாள் எப்பவோ தாண்டிருச்சு. இப்ப என்ன வழி?

சார்பதிவாளருக்கு எழுத்துல மனு குடுத்து எழுத்துலயே பதில் வாங்குங்க. இன்னொரு வழி 1954 சிறப்புத் திருமணச் சட்டம், 15-வது பிரிவு, எவ்வளவு வருசம் முன்னால நடந்த கல்யாணத்தையும் அதுல பதியலாம், ஆனா ரெண்டு பேரும் 21 தாண்டியிருக்கணும், வேற மனைவி இருக்கக் கூடாது, அந்த ஜில்லாவுல 30 நாள் குடியிருந்துருக்கணும். இதுல பெரிய நன்மை, நிக்காஹ் நடந்த நாளுக்குப் பொறவு பிறந்த எல்லாப் பிள்ளைகளையும் எப்பவுமே முறையான பிள்ளையாவே சட்டம் எடுத்துக்கிடும்.

ரெண்டு விஷயம் யோசிக்கணும். நம்ம பக்கம் மாமா மகள், மாமி மகன், சாச்சா மகள்னு கட்டுறது சகஜம், அந்தச் சட்டத்துல அதெல்லாம் தடை செஞ்ச உறவு லிஸ்ட்ல இருக்கு, அதனால தடங்கல் வரும். அடுத்தது, அதுல பதிஞ்சா வாரிசுரிமை ஷரீஅத்துப்படி வராது, 1925 இந்திய வாரிசுரிமைச் சட்டத்துக்கு மாறிரும். மகளுக்கும் முழுசா சொத்து போகணும்னு இதுக்காகவே 2023-ல காசர்கோட்டுல ஒரு வக்கீல் தன் மனைவிய இந்தச் சட்டத்துல மறுபடி பதிவு பண்ணுனாரு. அது அவுங்கவுங்க ஈமான், குடும்பம் பாத்து எடுக்க வேண்டிய முடிவு, நான் இதுல இப்படிச் செய்யுங்கன்னு சொல்ல மாட்டேன்.

வாப்பா துபாய்ல இருக்காரு, இல்லன்னா பிள்ளையே வெளிநாட்டுல பிறந்துச்சு. அதுக்கு?

வளைகுடாவுல பேமிலி விசாவுக்கு ஜமாஅத் கடிதம் பத்தாது, கவர்மெண்ட் கல்யாண சர்டிபிகேட்ட அட்டெஸ்டேஷன் பண்ணிக் கேப்பாங்க. போகும்முன்ன முடிச்சிருங்க. அங்க பிள்ளை பிறந்தா ஒரு வருசத்துக்குள்ள இந்தியத் தூதரகத்துல பதிவு பண்ணணும், குடியுரிமைச் சட்டம் அப்படி.

மத்த நாட்டுலயும் இதே பாடுதான். இலங்கையில 1951 முஸ்லிம் விவாகச் சட்டத்துல, பதிவு இல்லங்கிறதுக்காக மட்டும் நிக்காஹ் செல்லாமப் போகாதுன்னு எழுதியே வச்சிருக்காங்க. இந்தோனேசியாவுல பதியாத நிக்காஹ்ல பிறந்த பிள்ளைக்கு உம்மா வழி உறவு மட்டுந்தான்னு முன்ன சட்டம் இருந்துச்சு, 2012-ல அந்த நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம், அறிவியல் ஆதாரமோ வேற ஆதாரமோ இருந்தா வாப்பாவோடயும் உறவு உண்டுன்னு மாத்திருச்சு.

ஸ்கூல்ல, பாஸ்போர்ட் ஆபீஸ்ல?

2009 கல்வி உரிமைச் சட்டப்படி வயசு ஆதாரம் இல்லன்னுகூட சேர்க்கைய மறுக்க முடியாது. பாஸ்போர்ட்டுக்கு 2016 டிசம்பர்ல இருந்து உம்மா வாப்பா ரெண்டுல ஒரு பேரு போதும், கல்யாண சர்டிபிகேட் வேண்டாம்.

எங்க போகணும், காசு எவ்வளவு ஆகும்?

பொம்பளையாளுகளுக்கும் பிள்ளைகளுக்கும் வருமானம் பாக்காம வக்கீல் இலவசம், 1987 சட்ட உதவிச் சட்டம் 12-வது பிரிவு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு பாளையங்கோட்டை கோர்ட்டுல இருக்கு, 15100-க்கு போன் பண்ணலாம். வீட்டுல அடி உதைன்னா 181, பிள்ளைக்கு ஆபத்துன்னா 1098. வரும்போது தஃப்தர் நகல், பிறப்பு சர்டிபிகேட், ஆஸ்பத்திரி பேப்பர், ரேஷன் கார்டு, அவரு போட்டோ, வேலை பாக்குற இடம், மெசேஜ் இருக்குற போன் எல்லாம் கொண்டு வாங்க. ஒண்ணுமே இல்லன்னாலும் பரவாயில்ல, நிக்காஹ்ல இருந்த ஒருத்தரையாவது கையோட கூட்டிட்டு வாங்க, அவுங்க சொல்றத அன்னைக்கே எழுதி வாங்கிடலாம்.